கார்லோ அன்செலோட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவர் யார், இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

இத்தாலிக்காரர், கால்பந்துப் பயிற்சியாளர். 1959 ஜூன் 10 அன்று ரெஜ்ஜியோலோ என்ற சிற்றூரில் பிறந்தார். நடுக்கள ஆட்டக்காரராக இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றார். பயிற்சியாளராக அதே கோப்பையை (இப்போது அதன் பெயர் சாம்பியன்ஸ் லீக்) ஐந்து முறை வென்றார். வேறு எந்தப் பயிற்சியாளரும் மூன்றைத் தாண்டவில்லை. இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய ஐந்து பெரிய லீக்குகளிலும் பட்டம் வாங்கிய ஒரே பயிற்சியாளரும் இவர்தான்.

அப்படியானால் ஏன் "அதிர்ஷ்டக்காரர்", "நட்சத்திரங்களைத் தட்டிக்கொடுத்தே காலம் தள்ளுகிறவர்" என்கிறார்கள்?

அவர் பெயரில் ஒரு பாணி இல்லை என்பதுதான் காரணம். மற்ற பயிற்சியாளர்களில் கார்டியோலா என்றால் பந்தைக் கையகப்படுத்தி ஆடுவது, க்ளோப் என்றால் பாய்ந்து பறிப்பது என்று உடனே சொல்லிவிடலாம். அன்செலோட்டி என்றால் என்ன சொல்வது? மிலன் கிளப்பில் ஒரு மாதிரி, லண்டனின் செல்சியில் வேறு மாதிரி, ரியல் மாட்ரிட்டில் இன்னொரு மாதிரி. கையெழுத்து தெரியாததால் எழுதியதே வேறு யாரோ என்று நினைத்துவிடுகிறார்கள்.

பாணி இல்லாமல் இருப்பது அவர் தேடிப்போய்க் கற்றுக்கொண்ட விஷயம். தொடக்கத்தில் அவர் பிடிவாதமான ஒரே பாணிக்காரர். அந்தப் பிடிவாதத்துக்குப் பெரிய விலையும் கொடுத்தார். அந்தக் கதை கீழே, பாஜ்ஜியோ பற்றிய கேள்வியில் வருகிறது.

ஆட்டக்காரராக அவர் நிஜமாகவே பெரிய ஆளா?

முதல் வரிசை நட்சத்திரம் இல்லை. ஆனால் முதல் வரிசை அணிகளில் தவிர்க்க முடியாதவர்.

அப்பா ஜுசெப்பே மாடு வளர்த்த விவசாயி. பார்மஜானோ பாலாடைக்கட்டிக்குப் பேர்போன வட்டாரம் அது. பக்கத்து நகரமான பார்மாவில், மூன்றாம் நிலை லீக்கில்தான் ஆட்டம் தொடங்கியது. 1979-ல் ரோமா கிளப் அவரை வாங்கியது. 1982-83-ல் ரோமா இத்தாலிய லீக்கை வென்றபோது அணியில் பிரேசிலின் ஃபல்காவோவும் புருனோ கோன்ட்டியும் இருந்தார்கள். அவர்களுக்கு இடையில் ஓடி ஓடிப் பந்தைப் பறித்துக் கொடுக்கும் வேலை அன்செலோட்டியுடையது. பிறகு ரோமாவின் கேப்டனாகவும் ஆனார். நான்கு முறை இத்தாலியக் கோப்பையும் அங்கே கிடைத்தது.

1987-ல் மிலன். அங்கே 1989, 1990 இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பை. இரண்டு லீக் பட்டங்கள். 1989 அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை மிலன் 5-0 என்று நொறுக்கியதே, அதில் முதல் கோல் இவருடையது. தூரத்திலிருந்து அடித்த ஒரு வெடி. அதற்குப் பின் வந்த நான்கும் ரைக்கார்ட், குலிட், வான் பாஸ்டன், டோனடோனி அடித்தவை. இப்படி ஒரு பட்டியலில் தலைப்பெயராக இருப்பது சாதாரணம் இல்லை.

இத்தாலிக்காக 26 ஆட்டங்கள், ஒரே ஒரு கோல். 1990 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்த அணியில் இருந்தார்.

26 ஆட்டங்கள் குறைவாகத் தெரிகிறதே?

முழங்கால்தான். 1981-ல் ஒரு முழங்கால் போனது. அதனால் இத்தாலி வென்ற 1982 உலகக் கோப்பை கைநழுவியது. 1983 டிசம்பரில் மறுபடி முழங்கால். அந்தப் பருவத்தில் ரோமா ஐரோப்பியக் கோப்பை இறுதிக்குப் போனது. இறுதி ஆட்டம் நடந்ததோ ரோமாவின் சொந்த மைதானத்தில். எதிரணி லிவர்பூல். ஆட்டம் 1-1, பெனால்டியில் லிவர்பூல் ஜெயித்தது. லிவர்பூல் கோல்கீப்பர் க்ரோபலார், அடிக்க வருகிறவர்களைக் குழப்ப, கால்கள் துவண்டு விழுவதுபோல் ஆடிக்காட்டினார். ரோமாக்காரர்கள் பந்தை வெளியே அடித்தார்கள். அன்செலோட்டி இதையெல்லாம் வெளியில் இருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

இந்தக் க்ரோபலார் நடனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2005-ல் மறுபடி வரும்.

அவருக்குக் குருநாதர் யார்?

இரண்டு பேர். இருவரும் ஏறக்குறைய எதிரெதிர்த் துருவங்கள்.

ரோமாவில் நில்ஸ் லீட்ஹோம். 1958 உலகக் கோப்பை இறுதியில் ஸ்வீடன் கேப்டனாக ஆடி கோலும் அடித்தவர். குரலை உயர்த்தாத மனிதர். அவசரப்படாமல் பந்தை வைத்து ஆடச் சொல்வார். கிண்டலும் கேலியுமாக அணியை நடத்துவார்.

மிலனில் அரிகோ சாக்கி. தொழில்முறையாகக் கால்பந்து ஆடியதே கிடையாது. ஒரு காலத்தில் காலணி வியாபாரம் பார்த்தவர். அவருக்கு எல்லாம் ஒழுங்கு, தூரம், கோடு. 4-4-2 வரிசையில் (பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்) பதினொரு பேரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நகர வேண்டும். எதிரணிக்கு மூச்சுவிட இடம் கொடுக்கக் கூடாது. பயிற்சியில் பந்தே இல்லாமல், பந்து இருப்பதாகக் கற்பனை செய்து நகரச் சொல்வார். இரண்டு முழங்காலும் பழுதான 28 வயதுக்காரரை மிலனுக்கு வாங்கச் சொல்லி வற்புறுத்தியவரும் அவரே. வேகம் போனாலும் ஆட்டத்தைப் படிக்கிற மூளை இருக்கிறது என்பது அவர் கணக்கு.

பயிற்சியாளர் ஆனபோது அன்செலோட்டி முதலில் சாக்கியின் நகலாகத்தான் இருந்தார். லீட்ஹோம் வெளியே வர வருடங்கள் பிடித்தன. என்னைக் கேட்டால், இன்று உலகம் பார்க்கிற அன்செலோட்டியிடம் சாக்கியைவிட லீட்ஹோம்தான் அதிகம்.

பயிற்சியாளர் வேலை எப்படித் தொடங்கியது?

1992-ல் ஓய்வு. சாக்கி அப்போது இத்தாலி தேசிய அணிக்குப் போயிருந்தார். அன்செலோட்டியை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். 1994 உலகக் கோப்பை இறுதியில் பிரேசிலிடம் பெனால்டியில் தோற்ற இத்தாலியின் பெஞ்சில் இவரும் இருந்தார். ராபர்ட்டோ பாஜ்ஜியோ பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்தாரே, அந்த ஆட்டம்தான்.

1995-ல் தனியாகப் பொறுப்பேற்றது இரண்டாம் நிலை லீக்கில் இருந்த ரெஜ்ஜியானா. சொந்த வட்டாரக் கிளப். தொடக்க வாரங்கள் மோசம். ஆனால் பருவ முடிவில் முதல் நிலைக்கு உயர்த்திவிட்டார். அடுத்த ஆண்டே பார்மா கூப்பிட்டது. இத்தாலியில் பெரிய பயிற்சியாளர் உரிமம் வாங்க ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள கோவெர்ச்சானோ மையத்தில் படித்து ஆய்வுரை எழுத வேண்டும். இவர் எழுதியது, கால்பந்தின் எதிர்காலம் இன்னும் கூடுதல் இயக்கம் கொண்டதாக இருக்கும் என்பதைப் பற்றி.

பாஜ்ஜியோவை வேண்டாம் என்று சொன்னாராமே, உண்மையா?

உண்மைதான். அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவம் போதும்.

பார்மாவில் 1996-97-ல் அருமையான அணி. கோலில் இளம் புஃபோன், தடுப்பில் துராம், கன்னவாரோ, முன்னால் கிரெஸ்போ, கியேசா. யுவென்டஸுக்கு இரண்டே புள்ளி பின்னால் இரண்டாமிடம். ஆனால் அந்த வருடம் ஜியான்ஃபிராங்கோ சோலாவின் கதை வேறு மாதிரி. முன்கள வீரர்களுக்குப் பின்னால் சுதந்திரமாகச் சுற்றும் பத்தாம் நம்பர்க்காரர் அவர். 4-4-2-ல் அந்த இடமே கிடையாது. அன்செலோட்டி அவரை இடது ஓரத்தில் நிறுத்தினார். சில மாதங்களில் சோலா செல்சிக்குக் கிளம்பிவிட்டார். அங்கே இன்றுவரை தெய்வம்.

1997 கோடையில் பாஜ்ஜியோ பார்மாவுக்கு வர ஏறக்குறைய எல்லாம் முடிந்திருந்தது. அவரும் பத்தாம் நம்பர் இடம்தான் கேட்டார். அன்செலோட்டி முடியாது என்றுவிட்டார். தன் 4-4-2-ஐ ஒரு ஆளுக்காகக் கலைக்க மனமில்லை. பாஜ்ஜியோ பொலோனாவுக்குப் போய் அந்த ஒரே பருவத்தில் லீக்கில் 22 கோல் அடித்தார். பார்மா முந்தைய ஆண்டைவிடச் சரிந்தது. அன்செலோட்டிக்கு வேலை போனது.

பிற்காலத்தில் அவரே இதைத் தன் தவறு என்று பல முறை சொல்லியிருக்கிறார். பெரிய ஆட்டக்காரன் வந்தால் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும், ஆட்டக்காரனை அல்ல என்ற முடிவுக்கு அவர் வந்தது இங்கிருந்துதான்.

கதையில் ஒரு வேடிக்கையான வால் உண்டு. பாஜ்ஜியோ கடைசியில் பிரேஷியா என்ற சின்னக் கிளப்பில் பத்தாம் நம்பராக ஆடினார். 2001-ல் அங்கே கடனாக வந்த ஓர் இளைஞரும் பத்தாம் நம்பர்தான். பாஜ்ஜியோ இருக்கும்போது அந்த இடம் எப்படிக் கிடைக்கும்? பயிற்சியாளர் மாட்சோனே அந்தப் பையனைத் தடுப்பு வரிசைக்கு முன்னால், வெகு ஆழத்தில் ஆட வைத்தார். பையன் பெயர் ஆந்திரேயா பிர்லோ. அந்த ஏற்பாட்டை மிலனில் நிரந்தரமாக்கிப் பலன் அறுவடை செய்தவர் யார் என்று ஊகித்திருப்பீர்கள்.

யுவென்டஸில் ஏன் சரிப்படவில்லை?

பார்மாவுக்குப் பிறகு அவர் போன கிளப் அது. புள்ளிக்கணக்கில் பார்த்தால் சரிப்பட்டது. இரண்டு முழுப் பருவம், இரண்டிலும் இரண்டாமிடம். 2000 மே மாதம் கடைசி ஆட்டம் பெருஜியாவில். இடைவேளையில் கொட்டிய மழையில் மைதானம் குளமானது; ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். 1-0 தோல்வி, ஒரே புள்ளியில் பட்டம் லாட்சியோவுக்குப் போனது.

யுவென்டஸ் ரசிகர்கள் அவரை ஒருபோதும் ஏற்கவில்லை. ரோமாவிலும் மிலனிலும் ஆடி எதிரியாக இருந்தவர் ஆயிற்றே. "பன்றி பயிற்சி கொடுக்க முடியாது" என்று எழுதிக்கூட வைத்தார்கள். ஆனால் இங்கேதான் மாற்றம் தொடங்கியது. அணியில் சிடான் இருந்தார். அவரை ஓரத்தில் நிறுத்த முடியுமா? 4-4-2 மூட்டைகட்டப்பட்டு, சிடானுக்காக முன்கள வீரர்களுக்குப் பின்னால் ஓர் இடம் உண்டானது.

'கிறிஸ்துமஸ் மரம்' என்றால் என்ன?

4-3-2-1 வரிசை. கீழே நால்வர், அதன்மேல் மூவர், இருவர், உச்சியில் ஒருவர். கீழே அகலம், மேலே கூர்மை; அதனால் அந்தப் பெயர்.

2001 நவம்பரில் மிலன் பொறுப்புக்கு வந்தபோது, அவர் முன்னால் இருந்த சிக்கல் எந்தப் பயிற்சியாளரும் பொறாமைப்படும் சிக்கல். பிர்லோ, ரூயி கோஸ்டா, அடுத்த ஆண்டு செடோர்ஃப், ரிவால்டோ, அதற்கடுத்த ஆண்டு காக்கா. எல்லோருமே பந்தைக் காலில் கேட்கிறவர்கள், எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்காரர்கள். பழைய அன்செலோட்டியாக இருந்தால் பாதிப் பேரை வெளியே உட்கார வைத்திருப்பார். புதியவர் எல்லோரையும் உள்ளே நுழைக்க வழி தேடினார்.

பிர்லோ தானாகவே போய், தடுப்பு வரிசைக்கு முன்னால் ஆடுகிறேன் என்று கேட்டார். ஓட்டம் குறைவு, பறிக்கத் தெரியாது, அந்த இடத்தில் எப்படி என்று எல்லோருக்கும் சந்தேகம். பக்கத்தில் கட்டூசோவைக் காவலுக்கு நிறுத்தினார் அன்செலோட்டி. அதாவது, ரோமாவில் ஃபல்காவோவுக்காகத் தான் செய்த வேலையை கட்டூசோவுக்குக் கொடுத்தார். எதிரணியாட்கள் நெருங்குமுன் பிர்லோவுக்கு பார்த்துப் பார்த்து நாற்பது மீட்டர் பாஸ் போட நேரம் கிடைத்தது. அடுத்த பத்து வருடம் ஐரோப்பா முழுக்க "எங்களுக்கு ஒரு பிர்லோ வேண்டும்" என்று அலைந்தது.

கிளப் முதலாளி பெர்லுஸ்கோனிக்கு மரம் பிடிக்கவில்லை. முன்னால் இரண்டு பேர் ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. இதை அன்செலோட்டி சிரித்துக்கொண்டே சமாளித்துக் காலத்தை ஓட்டியதும் ஒரு தனித் திறமை.

பலன்: 2003 சாம்பியன்ஸ் லீக் (மான்செஸ்டரில் நடந்த இறுதியில் யுவென்டஸையே பெனால்டியில் தோற்கடித்து. பன்றி என்று எழுதியவர்கள் வீட்டில் அன்று என்ன சமையலோ), 2004 லீக் பட்டம், 2007-ல் மறுபடி சாம்பியன்ஸ் லீக்.

இஸ்தான்புல் 2005: 3-0 முன்னிலையில் இருந்து எப்படித் தோற்றார்கள்?

சாம்பியன்ஸ் லீக் இறுதி, மிலனும் லிவர்பூலும். முதல் நிமிடத்திலேயே மிலனின் மால்தினி கோல். இடைவேளைக்கு முன் கிரெஸ்போ இரண்டு. லிவர்பூல் கதை முடிந்தது என்று உலகமே நினைத்தது. பிறகு 54, 56, 60-ஆம் நிமிடங்களில் ஜெரார்ட், ஸ்மிட்சர், அலோன்சோ. ஆறே நிமிடம்.

இடைவேளையில் மிலன்காரர்கள் கொண்டாடினார்கள், அதனால் தோற்றார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. மிலன் தரப்பு அதை மறுத்தே வந்திருக்கிறது. களத்தில் நடந்தது வேறு. லிவர்பூல் பயிற்சியாளர் பெனிட்டெஸ் இடைவேளையில் ஹாமானை இறக்கிப் பின்னால் மூவரை நிறுத்தினார். முதல் பாதி முழுக்க காக்கா சுதந்திரமாக ஓடிய இடம் அடைபட்டது. ஜெரார்ட் மேலே போக முடிந்தது. ஆனால் அந்த ஆறு நிமிடத்தைத் தவிர மிச்ச நேரம் மிலன்தான் நன்றாக ஆடியது. கூடுதல் நேர முடிவில் ஷெவ்செங்கோ மிக அருகில் இருந்து இரண்டு முறை அடித்ததை லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக் எப்படித் தடுத்தார் என்று இன்று பார்த்தாலும் விளங்காது.

அப்புறம் பெனால்டி. டூடெக் கோல் கோட்டில் நின்று கால்களைத் துவள வைத்து ஆடினார். 1984-ல் க்ரோபலார் செய்ததை அப்படியே செய்தார். அதைச் செய்யச் சொன்னவர் சக ஆட்டக்காரர் கேரகர். செர்ஜீன்யோ, பிர்லோ, ஷெவ்செங்கோ மூவரும் தவறவிட்டார்கள். 21 வருட இடைவெளியில் அதே கிளப், அதே வித்தை, அன்செலோட்டி மறுபடியும் வெளியில் நின்றுகொண்டு.

இரண்டு ஆண்டு கழித்து ஏதென்ஸில் நடந்த இறுதியில் அதே லிவர்பூலை 2-1 என்று வென்றார்கள். இன்சாகி இரண்டு கோல். ஆட்டமாகப் பார்த்தால் 2005-ல் ஆடியதில் பாதிகூட இல்லை. கால்பந்து அப்படித்தான்.

செல்சி, பாரிஸ்?

செல்சியில் முதல் பருவமே (2009-10) லீக், எஃப்ஏ கோப்பை இரண்டும். லீக்கில் 103 கோல். இரண்டாம் பருவம் இரண்டாமிடம். கடைசி ஆட்டத்தில் எவர்ட்டனிடம் தோற்ற சில மணி நேரத்திலேயே வேலைநீக்கம். பாரிஸ் சான் ஜெர்மானில் 2011 டிசம்பரில் சேர்ந்தார். அணி முதலிடத்தில் இருந்தது, பட்டத்தை மோன்பெலியே தட்டிச் சென்றது. 2013-ல் பட்டம் கிடைத்தது, அந்தக் கிளப்புக்கு 1994-க்குப் பிறகு முதல் முறை.

'லா டெசிமா' என்று ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

டெசிமா என்றால் பத்தாவது. ரியல் மாட்ரிட் 2002-ல் ஒன்பதாவது ஐரோப்பியக் கோப்பையை வென்றது. பிறகு பன்னிரண்டு வருடம், கோடி கோடியாகச் செலவு, பயிற்சியாளர் மேல் பயிற்சியாளர், பத்தாவது வரவே இல்லை. 2013-ல் வந்த அன்செலோட்டி முதல் ஆண்டிலேயே கொண்டுவந்தார்.

அரையிறுதியில் கார்டியோலாவின் பேயர்னை மியூனிக்கிலேயே 4-0. லிஸ்பனில் நடந்த இறுதியில் எதிரணி அதே ஊர் அத்லெட்டிகோ. 93-ஆம் நிமிடம் வரை 0-1. மோட்ரிச் கார்னர் அடிக்க, ராமோஸ் தலையால் முட்டினார். கூடுதல் நேரத்தில் 4-1.

இதில் பலர் கவனிக்காத வேலை டி மரியா. பேல் வந்ததும் ஓரத்தில் இடமில்லாமல் போன அவரை, அன்செலோட்டி நடுக்களத்துக்கு இழுத்தார். ஓரத்தில் ஓடும் வேகத்தோடு நடுவில் இருந்து ஒருவர் பாய்ந்து வந்தால் எதிரணிக்கு யார் பிடிப்பது என்றே தெரியாது. இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது டி மரியாவுக்குத்தான். சோலாவை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளியவர், டி மரியாவை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார் என்று நான் வைத்துக்கொள்வேன்.

அந்த அணியின் உதவிப் பயிற்சியாளர் சிடான். மறுவருடம் கோப்பை எதுவும் பெரிதாக வராததால் அன்செலோட்டி வெளியேற்றப்பட்டார்.

தோற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவே மாட்டீர்களா?

சொல்கிறேன். பேயர்ன் மியூனிக்கில் 2016-17 லீக் பட்டம் 15 புள்ளி வித்தியாசத்தில் வந்தது. ஆனாலும் அடுத்த செப்டம்பரில் பாரிஸிடம் 3-0 தோற்றதும் நீக்கினார்கள். பயிற்சி போதவில்லை, கடுமை இல்லை என்று மூத்த வீரர்கள் சிலரே முறையிட்டார்கள். கார்டியோலாவின் துல்லியத்துக்குப் பழகியவர்களுக்கு இவருடைய விட்டுப்பிடிக்கும் முறை சோம்பலாகத் தெரிந்தது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தானாக முடிவெடுக்கும் ஆட்டக்காரர்கள் இருந்தால்தான் அவர் முறை பலிக்கும். எங்கே நிற்க வேண்டும் என்று தினமும் சொல்லக் கேட்டு வளர்ந்த அணியில் சுதந்திரம் குழப்பமாகிவிடும்.

நாபோலியில் இன்னும் சங்கடம். 2019 நவம்பரில் கிளப் தலைவர், முடிவுகள் சரியில்லை என்று அணி முழுவதையும் பயிற்சி முகாமிலேயே தங்கச் சொன்னார். ஒரு ஆட்டம் முடிந்த இரவு, ஆட்டக்காரர்கள் முகாமுக்குப் போகாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்செலோட்டி அந்தத் தண்டனையில் தனக்கு உடன்பாடில்லை என்று முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். டிசம்பரில் கெங்க் அணியை 4-0 என்று வென்று சாம்பியன்ஸ் லீக் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்ற அதே இரவில் வேலை போனது.

பிறகு எவர்ட்டன். அங்கே பத்தாமிடம், லிவர்பூலை அவர்கள் மைதானத்திலேயே 1999-க்குப் பிறகு முதல் முறையாக எவர்ட்டன் தோற்கடித்தது நினைவில் நிற்கும். 2021-ல் ரியல் மாட்ரிட் திரும்பக் கூப்பிட்டபோது, காலம் முடிந்துபோன ஆளை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

2022-ல் நடந்தது வெறும் அதிர்ஷ்டம்தானே?

அந்த ஆண்டு ரியல் மாட்ரிட் சாம்பியன்ஸ் லீக்கை வென்ற விதம் அப்படி. பாரிஸுக்கு எதிராக பென்சமா 17 நிமிடத்தில் மூன்று கோல். செல்சியிடம் வெளியேறும் நேரத்தில் மோட்ரிச் வெளிப்பாதத்தால் போட்ட அந்தப் பாஸ். மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக 90-ஆம் நிமிடத்திலும் அதற்கு அடுத்த நிமிடத்திலும் ரோட்ரிகோ. இறுதியில் லிவர்பூல் அடித்ததையெல்லாம் கோர்ட்வா தடுக்க, வினிசியஸ் ஒரே கோல். இந்திய நேரத்துக்கு நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கிய அந்த ஆட்டங்களுக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் நம்மூரிலும் நிறையப் பேர்.

அதிர்ஷ்டம் இல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். இருந்தது, தாராளமாக. ஆனால் கடைசி அரை மணி நேரத்தில் காமவிங்கா, ரோட்ரிகோ போன்ற இளங்கால்களை இறக்கி ஆட்டத்தின் வேகத்தை மாற்றுவது அந்த ஆண்டு முழுக்க அவர் திரும்பத் திரும்பச் செய்தது. வயதான நடுக்களத்துக்குத் துணையாக வால்வெர்டேயை வலது ஓரத்தில் நிறுத்தியது, முன்பு டி மரியாவுக்குச் செய்ததன் மறுபக்கம். சிட்டியுடனான ஆட்டத்தில் யாரை இறக்கலாம் என்று பெஞ்சில் இருந்த க்ரோஸ், மார்செலோவிடமே யோசனை கேட்டார். கோப்பை அரையிறுதியில், ஐந்து பெரிய லீக் கண்ட ஒருவர், ஆட்டக்காரர்களிடம் அபிப்பிராயம் கேட்கிறார்! வேறு பயிற்சியாளர்கள் இதைப் பலவீனம் என்பார்கள்.

2024-ல் இதே வேலை மறுபடி. பென்சமா போய்விட்டார், அவருக்கு ஈடான ஆளை வாங்கவில்லை. நடுக்களத்துக்காக வாங்கிய பெல்லிங்ஹாமை முன்வரிசைக்குப் பின்னால் நிறுத்தினார். லீக்கில் 19 கோல். பாஜ்ஜியோ 1997-ல் கேட்ட இடம் அதுதான். லீக் பட்டமும், வெம்பிளியில் டோர்ட்மண்டை 2-0 என்று வென்று ஐந்தாவது சாம்பியன்ஸ் லீக்கும் வந்தன.

லீக் பட்டங்கள் மட்டும் ஏன் குறைவு?

நல்ல கேள்வி. ஆறுதான்: மிலன், செல்சி, பாரிஸ், பேயர்ன் ஒவ்வொன்று, ரியல் இரண்டு. மிலனில் எட்டு வருடத்தில் ஒன்று என்பது அந்த அணிக்குக் குறைவுதான். 38 வாரம் ஒரே சீராக அழுத்திப் பிடிப்பதில் அவருக்கு ஆர்வம் குறைவோ என்று தோன்றும். பெரிய இரவுகளில் அணியைப் பதற்றமில்லாமல் களமிறக்குவதில் அவருக்கு நிகர் இல்லை. கொட்டும் மழையில் சின்ன ஊரில் நடக்கும் பிப்ரவரி ஆட்டத்துக்கு வேறு குணம் வேண்டும்.

இடது புருவம் ஏன் அப்படி உயர்ந்தே இருக்கிறது?

பழக்கம். சூயிங்கமும் அப்படித்தான். ஆட்டம் எப்படிப் போனாலும் முகத்தில் வேறு எதுவும் தெரியாது.

வரி வழக்கு என்ன ஆயிற்று?

மாட்ரிட்டில் முதல் முறை இருந்தபோது, 2014-ஆம் ஆண்டு தன் பெயர், பட உரிமைகள் வழியாக வந்த வருமானத்துக்கு வரி கட்டாத குற்றத்துக்காக 2025 ஜூலையில் ஸ்பெயின் நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனையும் சுமார் 3,86,000 யூரோ அபராதமும் விதித்தது. 2015-க்கான குற்றச்சாட்டில் விடுவித்தது. ஸ்பெயினில் முதல் முறைக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை என்றால் பொதுவாகச் சிறைக்குப் போக வேண்டியதில்லை.

பிரேசிலுக்கு ஏன் போனார்?

2024-25 பருவம் மாட்ரிட்டில் கசந்து முடிந்தது. க்ரோஸ் ஓய்வு பெற்றார், எம்பாப்பே வந்தார். நடுவில் ஓட்டை, முன்னால் நெரிசல். சாம்பியன்ஸ் லீக்கில் ஆர்சனலிடம் இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் வந்தாலும் இடம் கண்டுபிடித்துவிடுவார் என்ற நம்பிக்கை முதல் முறையாகப் பொய்த்தது அங்கேதான். இருந்தாலும் 15 கோப்பைகளோடு அந்தக் கிளப் வரலாற்றிலேயே அதிகம் வென்ற பயிற்சியாளராகத்தான் வெளியே வந்தார்.

2025 மே மாதம் பிரேசில் தேசிய அணியை ஏற்றார். வெளிநாட்டவரிடம் அந்த அணியை ஒப்படைப்பது மிக அரிது. முன்பு நடந்தவை எல்லாம் ஒரு சில ஆட்டங்களுக்கான தற்காலிக ஏற்பாடுகள்தான். ஜூன் 10 அன்று, அவருடைய 66-ஆவது பிறந்தநாளில், பராகுவேயை 1-0 என்று வென்று பிரேசில் 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கோல் அடித்தவர் வினிசியஸ்.

மகனும் பயிற்சியாளரா?

ஆமாம், டேவிடே. பேயர்ன், நாபோலி, எவர்ட்டன், ரியல் எல்லா இடத்திலும் அப்பாவுக்கு உதவியாளர். 2025-ல் பிரேசிலின் பொட்டாஃபோகோ கிளப்பில் தனியாகப் பொறுப்பேற்றார். குடும்பத்தை உள்ளே கொண்டுவருகிறார் என்ற புகார் பேயர்னிலேயே எழுந்தது. மாட்ரிட்டில் கோப்பைகள் வந்ததும் யாரும் பேசவில்லை.

எந்த ஆட்டங்களைத் தேடிப் பார்த்தால் அவரைப் புரிந்துகொள்ளலாம்?

ஆட்டக்காரராக: 1989 ஏப்ரல், மிலன் 5 ரியல் மாட்ரிட் 0. அவரை மட்டும் கவனித்துப் பாருங்கள். பந்து இல்லாதபோது எத்தனை முறை இரண்டு மூன்று அடி நகர்கிறார் என்று தெரியும்.

பயிற்சியாளராக: 2007 அரையிறுதி இரண்டாம் ஆட்டம், மிலன் 3 மான்செஸ்டர் யுனைடெட் 0. மரம் முழுசாகக் காய்த்த இரவு அதுதான். அடுத்து 2014-ல் மியூனிக்கில் பேயர்னுக்கு எதிரான 4-0. பந்தை முழுக்க எதிரணியிடம் விட்டுவிட்டு ஜெயிப்பது எப்படி என்று காட்டியது. இஸ்தான்புல்லையும் பாருங்கள், ஆனால் முதல் பாதிக்காக. காக்கா கிரெஸ்போவுக்குக் கொடுத்த மூன்றாவது கோலின் பாஸை ஒரு முறை பார்த்தால் போதாது.